சதவீத உயர்வுக் கணக்கு: பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் மாலை நேரத்தில் ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். சனி, ஞாயிறுகளில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதப் போகிறவர்களும் சிலர் வந்து உட்காருவார்கள். எட்டாம் வகுப்பின் 'வாழ்வியல் கணிதம்' பாடத்தைத் தொட்டதும் சின்னவர், பெரியவர் என்றில்லாமல் எல்லோரிடமிருந்தும் ஒரே சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பூ, மீன், எண்ணெய் விலைகளும் கூலியும் கணக்குக்காக நானே வைத்தவை. மக்கள்தொகை, எழுத்தறிவு, சிலையின் உயரம் ஆகியவை உண்மையான எண்கள்.

"அம்பது ரூவா கூடிச்சுன்னு சொன்னா போதாதா டீச்சர்? எதுக்கு சதவீதம்?"

நெத்திலி கிலோ 200 ரூபாயிலிருந்து 250 ஆகிறது. நெய்மீன் 800 ரூபாயிலிருந்து 850 ஆகிறது. இரண்டிலும் கூடியது 50 ரூபாய்தான். ஆனால் நெத்திலி வாங்குபவருக்குத்தான் கை கடிக்கும். 200 ரூபாய்ப் பொருளில் 50 என்பது கால் பங்கு, அதாவது 25%. 800 ரூபாய்ப் பொருளில் அதே 50 வெறும் 6.25%.

கூடிய தொகை எவ்வளவு என்று கழித்தல் சொல்லிவிடும். இருந்ததோடு ஒப்பிட்டால் அது பெரிதா சிறிதா என்பதைச் சதவீதம்தான் சொல்லும்.

"எதை வச்சு வகுக்கணும்? பழசா, புதுசா?"

பழசை வைத்து. எங்கிருந்து கிளம்பினோமோ அந்த எண்தான் அடிப்படை. (புதியது − பழையது) ÷ பழையது × 100. இந்த ஒரு இடத்தில் தவறினால் மற்ற எல்லாப் படியும் சரியாக இருந்தும் விடை தப்பாகிவிடும். வகுப்பில் நான் திருத்தும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் இருந்தன. கிள்ளியூரும் திருவட்டாறும் சேர்ந்து இப்போது ஆறு. உயர்வு எத்தனை சதவீதம் என்று கேட்டால் சிலர் 2-ஐ 6-ஆல் வகுத்து 33 என்கிறார்கள். இருந்தது நான்கு, அதில் பாதியளவு கூடியிருக்கிறது. எனவே 50%.

பெரிய எண்ணாக இருந்தாலும் வழி மாறாது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் 16,76,034 பேர். 2011-இல் 18,70,374 பேர். கூடியது 1,94,340. இதை 16,76,034-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 11.595 என்று வரும், 11.6% என்று எழுதலாம். புது எண்ணால் வகுத்தால் 10.4% வரும். கொள்குறி வினாவில் அந்தத் தவறான விடையும் பக்கத்திலேயே ஒரு தெரிவாக நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

"கழி, வகு, பெருக்குன்னு மூணு வேலை. சுருக்கமா ஒரு வழி சொல்லுங்களேன் அக்கா."

புதியதைப் பழையதால் வகுத்துவிடுங்கள். 250 ÷ 200 = 1.25. முன்னால் நிற்கும் 1 என்பது ஏற்கெனவே இருந்தது, 0.25 என்பது கூடியது. ஆக 25%. விடை 0.9 என்பது போல ஒன்றுக்குக் கீழே வந்தால் அது இறக்கம், 10% குறைந்திருக்கிறது.

இந்த 1.25 போன்ற எண்ணைப் பெருக்கும் எண் என்று வகுப்பில் சொல்வேன். கீழே வரும் சிக்கலான கணக்குகள் பலவற்றுக்கு இதுதான் சாவி. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இதைப் பழகிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

"கணக்கு வாசகமா வந்தா எது பழசு, எது புதுசுன்னே பிடிகிடைக்க மாட்டேங்குது."

இதுதான் உண்மையான சிக்கல். வகுக்கத் தெரியாமல் தோற்பவர்கள் குறைவு, வாசிக்கும்போதே வழி மாறிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு கணக்கைப் பாருங்கள்: "மார்த்தாண்டம் சந்தையில் ஏத்தன்பழம் இன்று கிலோ 60 ரூபாய். போன மாதம் 5 கிலோ 225 ரூபாய்க்குக் கிடைத்தது. 12 கிலோ வாங்கும் கடைக்காரருக்கு விலை எத்தனை சதவீதம் உயர்ந்துள்ளது?"

இதில் மூன்று பொறிகள் உண்டு. புது விலை முதலில் வருகிறது, பழையது பிறகு வருகிறது. எழுதப்பட்ட வரிசையை நம்பாமல் 'இன்று', 'போன மாதம்' என்ற காலச் சொற்களின் கீழே கோடு போடுங்கள். அடுத்து, ஒன்று ஒரு கிலோ விலை, மற்றது ஐந்து கிலோ விலை. ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் கழிக்கவே கூடாது. 225 ÷ 5 = 45. ஆக 45 ரூபாய் 60 ஆகியிருக்கிறது. கூடிய 15-ஐ 45-ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33⅓%. மூன்றாவது பொறி அந்த 12 கிலோ. அது தேவையே இல்லாத எண். நம்பிக்கை வராவிட்டால் போட்டுப் பாருங்கள்: 540 ரூபாய் 720 ஆகிறது, கூடியது 180, சதவீதம் அதே 33⅓தான்.

காலச் சொல் இல்லாத கணக்கும் வரும். அங்கே 'விட' என்ற சொல்லைத் தேடுங்கள். எந்தப் பெயரோடு 'விட' ஒட்டியிருக்கிறதோ அதுதான் அடிப்படை. "தங்கையின் சேமிப்பைவிட அக்காவின் சேமிப்பு எத்தனை சதவீதம் கூடுதல்" என்றால் தங்கையின் தொகையால் வகுக்க வேண்டும். கணக்கில் அக்காவின் தொகை முதலில் கொடுக்கப்பட்டிருந்தாலும் சரி.

"பூ விலை ஏறினதும் அறுநூறு, இறங்கினதும் அறுநூறு. பிறகு எப்படி சதவீதம் மட்டும் வேற வேற?"

தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ கிலோ 400 ரூபாய் என்று வைப்போம். முகூர்த்த நாளில் 1000 ஆகிறது. 600 ÷ 400, ஆக 150% ஏற்றம். மறுநாள் பழையபடி 400. இப்போது கிளம்பிய இடம் 1000. 600 ÷ 1000, ஆக 60% இறக்கம். தொகை மாறவில்லை, அடிப்படை மாறிவிட்டது. ஏறும்போது சின்ன எண்ணால் வகுக்கிறோம், இறங்கும்போது பெரிய எண்ணால் வகுக்கிறோம்.

"நூறு சதவீதத்துக்கு மேல உயர்வு வருமா? நூறுதானே முழுசு?"

வரும், மேலே 150% பார்த்தோமே. ஒரு ரொட்டியில் நூறு சதவீதத்துக்கு மேல் தின்ன முடியாது. உயர்வு அப்படி இல்லை, பழையதைப் போல எத்தனை மடங்கும் புதிதாக வந்து சேரலாம். விலை குறையும்போது மட்டும் 100% என்பது கடைசி எல்லை. அங்கேயே பொருள் இலவசமாகிவிடும், அதற்குக் கீழே இறங்க முடியாது.

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை இதற்கு அருமையான கணக்கு. 2000 ஜனவரி 1 அன்று திறந்துவைக்கப்பட்ட அந்தச் சிலையின் மொத்த உயரம் 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காகப் பீடம் 38 அடி. பொருட்பாலின் 70, காமத்துப்பாலின் 25 சேர்த்து 95 அதிகாரங்களுக்காகச் சிலை 95 அடி. பீடத்தைவிடச் சிலை எத்தனை சதவீதம் உயரம்? 95 − 38 = 57. 57 ÷ 38 = 1.5. ஆக 150% கூடுதல். சிலையைவிடப் பீடம் எத்தனை சதவீதம் தாழ்வு? 57 ÷ 95 = 0.6. ஆக 60%.

பூக்கணக்கில் வந்த அதே 150, 60 இங்கேயும் வருவதைக் கவனியுங்கள். 400-க்கு 1000 என்பதும் 38-க்கு 95 என்பதும் ஒரே விகிதம், 2-க்கு 5. விகிதம் ஒன்றானால் சதவீதமும் ஒன்றுதான், ரூபாயோ அடியோ எதுவாக இருந்தாலும்.

"அப்போ சிலை பீடத்தில 150 சதவீதமா, 250 சதவீதமா?"

சிலையின் உயரம் பீடத்தின் உயரத்தில் 250%. பீடத்தைவிடச் சிலை 150% கூடுதல். இரண்டும் சரி, கேள்வி வேறு. பழையதையும் சேர்த்துச் சொன்னால் 250, கூடியதை மட்டும் சொன்னால் 150. பெருக்கும் எண் இங்கே 2.5. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் உயர்வு கிடைத்துவிடும்.

இதே காரணத்தால் ஒரு பொருளின் விலை இரு மடங்கானால் உயர்வு 100%, மூன்று மடங்கானால் 200%. "மூன்று மடங்கு ஆனது, ஆகவே 300% உயர்வு" என்று பேச்சில் அடிக்கடி கேட்கிறோம். தேர்வுத் தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

"எழுத்தறிவு 87.55-லிருந்து 91.75 சதவீதம் ஆச்சுன்னா, உயர்வு 4.2 சதவீதம் தானே?"

4.2 என்பது சதவீதப் புள்ளி. இரண்டு சதவீதங்களைக் கழித்தால் கிடைப்பது அதுதான். 2001-இலும் 2011-இலும் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு விகிதம் நீங்கள் சொன்னபடியேதான். சதவீத உயர்வு கேட்டால் வழக்கம்போலப் பழையதால் வகுக்க வேண்டும்: 4.2 ÷ 87.55, ஏறத்தாழ 4.8%.

இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதோர் விகிதம் 12.45-லிருந்து 8.25-க்கு வந்திருக்கிறது. அதே 4.2 புள்ளிகளை 12.45-ஆல் வகுத்தால் 33.7% குறைவு. எழுத்தறிவில் முன்னால் நிற்கும் மாவட்டத்தில் உயர்வுச் சதவீதம் சின்னதாகத்தான் தெரியும், ஏனென்றால் அடிப்படை ஏற்கெனவே பெரிது. எஞ்சியிருந்த விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பதை இந்த இரண்டாவது கணக்குதான் காட்டுகிறது.

"விலை ஏறின பிறகு உள்ள தொகையைத் தந்து பழைய விலையைக் கேட்டா? அந்தச் சதவீதத்தைக் கழிச்சா போதுமே?"

போதாது. "ரப்பர் ஷீட் விலை 15% உயர்ந்து கிலோ 207 ரூபாய் ஆனது. முந்தைய விலை என்ன?" 207-இல் 15% கழித்தால் 175.95 வரும். அந்த 15% எதன்மேல் போடப்பட்டது? பழைய விலையின்மேல். நீங்கள் கழித்ததோ புது விலையின் 15%. பெருக்கும் எண்ணால் வகுத்துவிடுங்கள்: 207 ÷ 1.15 = 180. சரி பார்க்க, 180-இல் 15% என்பது 27. கூட்டினால் 207.

கடை பில்லிலும் இதே சிக்கல் உண்டு. 18% ஜி.எஸ்.டி. சேர்த்து 1180 ரூபாய் என்றால் பொருளின் விலை 1180 ÷ 1.18 = 1000. 1180-இல் 18% கழித்து 967.60 என்று சொல்பவர்கள் கடைக்காரர்களிலேயே உண்டு.

"கூலி முதல்ல 20, பிறகு 10 சதவீதம் கூடிச்சு. மொத்தம் 30 தானே டீச்சர்?"

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒருவரின் தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துப் பார்ப்போம். 20% கூடினால் 600. அடுத்த 10% அந்த 600-இன்மேல் வருகிறது, 500-இன்மேல் அல்ல. ஆக 660. மொத்தம் கூடியது 160, அது 500-இல் 32%. பெருக்கும் எண்ணில் ஒரே வரி: 1.2 × 1.1 = 1.32. வரிசையை மாற்றி முதலில் 10%, பிறகு 20% என்றாலும் அதே 32%தான்.

குரூப் 4 எழுதுபவர்கள் இரண்டையும் கூட்டி, பெருக்கி வந்ததை நூறால் வகுத்துச் சேர்ப்பார்கள்: 20 + 10 + 2. அதுவும் சரி. இறக்கத்துக்குக் கழித்தல் குறி போட மறக்கக் கூடாது.

"பத்து ஏறி பத்து இறங்கினா பழைய இடத்துக்கே வந்திருமே?"

வராது. 1.1 × 0.9 = 0.99. ஒரு சதவீதம் நட்டம். காரணம் பூக்கணக்கில் சொன்னதுதான்.

"பத்து வருஷத்துல 11.6 சதவீதம்னா, வருஷத்துக்கு 1.16 தானே?"

சராசரியாகச் சொல்லும்போது சிலர் அப்படி எழுதுவதுண்டு. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் முந்தைய ஆண்டின்மேல் வளர்ந்தது என்று கொண்டால், கூலிக் கணக்கில் பார்த்தபடி, உயர்வின்மேலும் உயர்வு சேரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1.1% வளர்ந்தாலே பத்தாண்டில் 11.6% வந்துவிடும். சின்னச் சதவீதத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆண்டுக்கு 10% என்றால் தெரியும்: பத்தாண்டு முடிவில் 100% அல்ல, 159%. கூட்டு வட்டி படிக்கும்போது இந்த இடத்துக்குத்தான் மறுபடியும் வருவோம்.

"எண்ணெய் விலை 25 சதவீதம் கூடுது. செலவு கூடாம இருக்க எவ்வளவு குறைக்கணும்? 25 தானே?"

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் கட்டாயம் பழக வேண்டிய கணக்கு. அந்தத் தேர்வின் திறனறிவுப் பகுதியில் 25 கேள்விகள்தான், ஒன்றையும் விடக் கூடாது.

தேங்காய் எண்ணெய் லிட்டர் 240 ரூபாய், வீட்டுக்கு மாதம் 5 லிட்டர், செலவு 1200. விலை 25% கூடி 300 ஆனால் அதே 1200 ரூபாய்க்கு 4 லிட்டர்தான் கிடைக்கும். ஐந்தில் ஒன்று குறைகிறது, ஆக 20%.

பின்னமாக யோசித்தால் மனக்கணக்கிலேயே முடியும். விலை நாலில் ஒரு பங்கு கூடினால் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். மூன்றில் ஒன்று கூடினால் நாலில் ஒன்று. கீழே உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். விலை குறைந்தால் மறுதிசை: ஐந்தில் ஒன்று குறைந்தால் நாலில் ஒன்று கூடுதலாக வாங்கலாம். 25%, 20%, 33⅓%, 12½% ஆகியவற்றைப் பின்னமாகப் பார்க்கப் பழகிய பிள்ளைக்குப் பாதிக் கணக்கு தாள் இல்லாமலே முடிந்துவிடும்.

"நீளம் பத்து, அகலம் பத்து சதவீதம் கூட்டினா பரப்பு இருபது தானே கூடும்?"

21%. இதுவும் 1.1 × 1.1 = 1.21. கூலிக் கணக்கின் அதே வழி, அங்கே காலம் இரண்டு, இங்கே பக்கம் இரண்டு.

இதோடு சேர்ந்து ஒரு பையன் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் 40 அடியிலிருந்து 44 அடியானால் தண்ணீரும் 10% கூடியதா என்று கேட்டான். அந்த அணையின் முழு மட்டம் 48 அடி. நீர்மட்டம் 10% உயர்ந்தது உண்மை. தண்ணீரின் அளவு அதைவிட அதிகமாகக் கூடியிருக்கும். மலைப் பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகன்றுகொண்டே போகும், ஆகவே மேலே உள்ள ஓர் அடியில் கொள்ளும் தண்ணீர் கீழே உள்ள ஓர் அடியில் கொள்வதைவிட அதிகம். உயரத்தின் சதவீதத்தை அப்படியே கொள்ளளவுக்கு எழுதலாம் என்றால், பாத்திரம் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும்.

"ஒண்ணு 50 சதவீதம், இன்னொண்ணு 10 சதவீதம். சராசரி 30-ன்னு போடலாமா?"

இரண்டின் அடிப்படையும் ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் போடலாம். தேனீ வளர்க்கும் இரண்டு பேர். ஒருவரின் தேன் 100 கிலோவிலிருந்து 150 ஆனது, 50%. மற்றவருக்கு 900 கிலோ 990 ஆனது, 10%. மொத்தம் 1000 கிலோ 1140 ஆகியிருக்கிறது. உயர்வு 14%. பெரிய அடிப்படை கொண்டவர் பக்கமே விடை சாயும். இத்தகைய கணக்கில் சதவீதங்களை ஓரமாக வைத்துவிட்டு, பழைய மொத்தம், புது மொத்தம் இரண்டையும் எழுதி, பிறகு வகுங்கள்.

"என் பிள்ளை போன பரீட்சையில பூஜ்யம், இப்ப இருபது. எத்தனை சதவீத முன்னேற்றம் டீச்சர்?"

ஒரு தாய் கேட்டது. சதவீதத்தில் சொல்ல முடியாது. பழையதால் வகுக்க வேண்டும், பழையது பூஜ்யம், பூஜ்யத்தால் வகுத்தல் கிடையாது. 100% என்றோ 2000% என்றோ எழுதினால் தவறு. "20 மதிப்பெண் கூடியது" என்பதே சரியான விடை.

அடிப்படை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். 5 மதிப்பெண்ணிலிருந்து 20-க்கு வந்த பிள்ளைக்கு 300% உயர்வு. 80-லிருந்து 92-க்கு வந்த பிள்ளைக்கு 15%தான். முன்னேற்றத்துக்குப் பரிசு கொடுக்கச் சதவீத உயர்வை அளவுகோலாக எடுக்க வேண்டாம் என்று கேட்கும் பள்ளிகளிடமெல்லாம் சொல்லி வருகிறேன். கூடிய மதிப்பெண்ணைப் பாருங்கள், முதலில் எத்தனை எடுத்தார்கள் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள்.